ஒரு சார்ட்டில் ஐந்து பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளிடம் ஒற்றுமை குறைந்துவிட்டது, நீதிபோதனை வகுப்பை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று வாசகர் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் சேர்ந்து வேலை செய்வதை எடுத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அந்தக் கடிதங்களின் அடியில் இருக்கிறது. விறகுக் கட்டுக் கதையைக் கேட்காத குழந்தை தமிழ்நாட்டில் இல்லை. ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்று எழுதாத பள்ளிச் சுவரும் அநேகமாக இல்லை. கரும்பலகையில் படம் போட்டு நீச்சல் கற்பிக்க முடியாது. இதுவும் அப்படித்தான். ஆளுக்கொரு பங்கு இல்லாமல் முடியவே முடியாத வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால்தான் இது வரும். அப்படிப்பட்ட வேலையை எப்படி அமைப்பது, எங்கே கெட்டுப்போகும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இப்போது பள்ளிகளில் ‘குழுச் செயல்பாடு’ என்ற பெயரில் நடப்பதை முதலில் பார்ப்போம். 2012–13 கல்வியாண்டில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை வந்தது. வகுப்பு நடக்கும்போதே தொடர்ந்து பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் தேர்வு வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறி (அ) பகுதியில் செயல்பாடுகளுக்கு இடம் கிடைத்தது. நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அது என்ன ஆனது? ஐந்து பேருக்கு ஒரு சார்ட் என்று ஆசிரியர் சொல்கிறார். கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகிறது. அம்மாவோ அக்காவோ உட்கார்ந்து பார்டர் போடுகிறார்கள். படம் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் எடுத்து ஒட்டப்படுகிறது. கீழே ஐந்து பெயர். ஐவருக்கும் ஒரே மதிப்பெண். மற்ற நால்வரில் ஒருவர் சார்ட் வாங்கப் பத்து ரூபாய் கொடுத்திருப்பார், மூவர் பெயரை மட்டும் கொடுத்திருப்பார்கள்.

இதிலிருந்து பிள்ளைகள் இரண்டு பாடம் கற்கிறார்கள். வேலை செய்த பிள்ளை, ‘இனிமேல் தனியாகவே செய்துவிடலாம்’ என்று நினைக்கிறது. செய்யாத பிள்ளைகள், ‘யாராவது செய்துவிடுவார்கள்’ என்று நினைக்கிறார்கள். இரண்டும் நாம் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிர். பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கக்கூடிய பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் கயிற்றில் வந்து சேர்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காதது ஒரு காரணம். தன் பங்கு எவ்வளவு என்று வெளியே தெரியாதது இன்னொரு காரணம். வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், பத்து வயதுப் பிள்ளை ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால் ஒளிந்துகொள்ளத்தான் செய்யும். ஆகவே குழு வேலையில் முதல் விதி, ஒவ்வொருவர் பங்கும் தனித்துத் தெரிய வேண்டும். இரண்டாவது விதி, ஒருவர் பங்கு இல்லாவிட்டால் மற்றவர்கள் வேலை நின்றுபோக வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது குழு வேலை ஆகாது.

இந்த இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரும் முறை ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்புகளில் அடிதடியும் பகையும் மூண்டன. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரை உதவிக்கு அழைத்தார்கள். அவர் வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், ஏழெட்டுக் கைகள் துள்ளுகின்றன, ஒரு பிள்ளையை எழுப்பினால் மற்றவர் முகம் தொங்கிப்போகிறது. எழுந்த பிள்ளை தவறாகச் சொன்னால் மற்றவர்களுக்கு மகிழ்ச்சி. ஒருவர் தோற்றால்தான் இன்னொருவருக்கு வாய்ப்பு என்று வகுப்பே அமைந்திருக்கும்போது அன்பாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை என்று அவர் கண்டார். பாடத்தைத் துண்டுகளாக வெட்டி ஆளுக்கொன்று கொடுக்கும் முறையை அவரும் அவர் மாணவர்களும் வகுத்தார்கள். படத்துண்டுகளைச் சேர்த்து முழுப் படம் ஆக்கும் விளையாட்டின் பெயரால் அதை ஜிக்சா வகுப்பு என்கிறார்கள்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை என்று பல பரிந்துரைகளை அவர் செய்தார். அகர வரிசை இருக்கை மிகவும் தேவையான முதல் படி. தெரு வாரியாகப் பெஞ்சு பிரிந்துகொள்வதை அது தடுக்கும். ஆனால் பக்கத்தில் உட்காருவதும் சேர்ந்து வேலை செய்வதும் ஒன்றாகிவிடாது. அடுத்த படியை வகுப்பறைக்குள் ஆசிரியர்தான் எடுக்க வேண்டும்.

30 பேர் கொண்ட ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பாடம் காவிரி. ஐந்து துண்டாகப் பிரிக்கலாம். முதல் துண்டு, குடகில் தலைக்காவிரி, ஹேமாவதி, கபினி முதலிய துணையாறுகள், கிருஷ்ணராஜசாகர் அணை, தென்மேற்குப் பருவமழை. இரண்டாவது, 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை, அதன் 120 அடி முழு நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, ஜூன் 12-ல் திறக்கும் வழக்கம். மூன்றாவது, முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீரைப் பங்கிடுவது. நான்காவது, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மதகு, மதகிலிருந்து வயல், தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவது, தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடைக்கும் கடைசியில் வந்து சேரும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடு. ஐந்தாவது, குறுவை, சம்பா, தாளடி, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் விதைத்து எந்த மாதத்தில் அறுப்பது, வடகிழக்குப் பருவமழை எந்தப் பயிரை எந்த நிலையில் பிடிக்கும்.

ஒவ்வொரு துண்டும் 80 முதல் 100 சொற்களுக்குள் இருக்கட்டும். ஒரு தாளின் ஒரு பக்கம், பெரிய எழுத்து. செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. முக்கியமான ஒன்று, பாடப்புத்தகத்தை எல்லாரும் பைக்குள் வைத்துவிட வேண்டும். புத்தகம் கையில் இருந்தால் யாருக்கும் யாரும் தேவையில்லை, முழு ஏற்பாடும் அந்த நிமிடமே கலைந்துவிடும். இந்த முறையை முயன்று ‘சரிவரவில்லை’ என்று கைவிடும் வகுப்புகள் பலவற்றில் புத்தகம் மேசை மேல் திறந்தபடியே இருக்கும்.

முப்பது பேரை ஐந்து ஐந்தாக ஆறு தாய்க்குழுக்களாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பது ஆசிரியர் வேலை. ‘பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. சொன்னால் தெருவும் சாதியும் கணத்தில் குழுவாகிவிடும், கடைசியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத இரண்டு பிள்ளைகள் சுவரோரம் நிற்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தை அவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். பெயர்ப் பட்டியலை முன்தினமே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குழுவில் ஆணும் பெண்ணும், சரளமாக வாசிப்பவரும் தட்டுத்தடுமாறி வாசிப்பவரும், வெவ்வேறு தெருப் பிள்ளைகளும் இருக்கட்டும். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் இருவரை முதல் தடவையே ஒரு குழுவில் போட வேண்டாம், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். குழுவை மாதம் ஒன்றரை மாதம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் கூடிக் கலைகிற குழுவில் யாருக்கும் யார் மேலும் பொறுப்பு வராது.

முதல் பீரியடில் குழு அமர்ந்து ஆளுக்கொரு துண்டுத் தாளை வாங்க ஐந்து நிமிடம், அவரவர் தம் துண்டை மௌனமாக வாசிக்கப் பத்து நிமிடம். பிறகு ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் எழுந்து ஒன்றுகூட வேண்டும். இதைப் பகுதிக்குழு என்று சொல்லலாம். 30 பேர் வகுப்பில் ஒரு துண்டுக்கு ஆறு பேர் வருவார்கள். ஆறு பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் இருவர் பேசுவார்கள், நால்வர் கேட்பார்கள். மூன்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். இருபது நிமிடத்தில் அவர்கள் செய்ய வேண்டியது, துண்டைச் சேர்ந்து வாசிப்பது, புரியாத சொல்லைக் கேட்டுத் தெளிவது, தாய்க்குழுவுக்குப் போய் என்ன சொல்வது என்று நான்கு வரியில் அவரவர் நோட்டில் எழுதுவது, ஒருவருக்கொருவர் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. கடைசி ஐந்து நிமிடத்தில் தாள்களை ஆசிரியர் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

தாளை வாங்கிவிடுவதற்குக் காரணம் உண்டு. தாள் கையில் இருந்தால் பிள்ளை தாய்க்குழுவில் அதை ஒப்பிக்கும், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தாள் இல்லாதபோதுதான் சொந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டிவரும். கேட்பவர் ‘புரியலை, மறுபடி சொல்லு’ என்பார். சொல்பவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். இந்த முறையின் பலன் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது பீரியடில் தாய்க்குழுவில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என இருபத்தைந்து நிமிடம். அடுத்த பத்து நிமிடம் ஒரு பொதுக் கேள்விக்கு. அந்தக் கேள்விக்கு ஐந்து துண்டும் தேவைப்பட வேண்டும். காவிரிப் பாடத்துக்கு இப்படிக் கேட்கலாம்: ‘கர்நாடகத்தில் மழை பிந்திய ஆண்டில், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலில் எந்தப் பயிரை எப்போது வைப்பது நல்லது? ஏன்?’ முதல் துண்டுக்காரர் இல்லாமல் மேட்டூருக்கு நீர் வராததன் காரணம் தெரியாது. மூன்றாவது, நான்காவது துண்டு இல்லாமல், திறந்த தண்ணீர் கடைமடைக்குக் கடைசியாக வருவது ஏன் என்று புரியாது. ஐந்தாவது இல்லாமல் பயிரைச் சொல்லவே முடியாது. ‘காவிரியின் துணையாறுகள் யாவை?’ என்று கேட்டால் ஒருவர் பதில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொதுக் கேள்வியை யோசிப்பதற்கு ஆசிரியர் செலவிடும் அரை மணி நேரம் ஒரு நாளும் வீண்போகாது.

மறுநாள் பத்து மதிப்பெண்ணுக்குத் தனித்தனியாகச் சிறு தேர்வு. ஐந்து துண்டிலிருந்தும் இரண்டிரண்டு கேள்வி. குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்ற வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். அவரவர் எழுதியது அவரவருக்கு. குழுவுக்கென்று பாராட்டு வேண்டுமென்றால், ஒவ்வொரு பிள்ளையும் போன தடவையைவிட எவ்வளவு முன்னேறியது என்பதைக் கூட்டிக்கொள்ளலாம். போன தடவை 3 வாங்கிய பிள்ளை இப்போது 6 வாங்கினால் குழுவுக்கு 3 புள்ளி. 8-லிருந்து 9-க்கு வந்தால் 1 புள்ளி. முழு 10 வாங்கினால், முன்பு எவ்வளவு வாங்கியிருந்தாலும் குறைந்தது 3 புள்ளி. இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஏறுவதற்கு இடமே இருக்காது. இப்படிச் செய்தால் குழுவுக்கு அதிகம் கொண்டுவரக்கூடியவர் மெதுவாகப் படிக்கும் பிள்ளை என்று ஆகிறது. அவரை ‘பாரம்’ என்று பார்த்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்குவார்கள். போன தடவையைவிட மதிப்பெண் குறைந்தவர்களுக்காகக் குழுவின் புள்ளியைக் கழிக்க வேண்டாம். கழித்தால் உடம்பு சரியில்லாமல் வந்து எழுதிய பிள்ளையின் மேல் குழுவே பாயும்.

எங்கெல்லாம் கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். தடுமாறி வாசிக்கும் பிள்ளை தன் பங்கைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பதுதான் முதலில் வரும் சிக்கல். ஆஸ்டினிலும் ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகளை முதலில் கேலிதான் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் சொல்வதும் மறுநாள் தேர்வில் வரும், கேலி செய்தால் அதைத் தெரிந்துகொள்ள முடியாது, நல்ல கேள்வியாகக் கேளுங்கள் என்று ஆசிரியர்கள் நினைவூட்டினார்கள். இரண்டொரு வாரத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டார்கள். இதில் பகுதிக்குழு பெரிய பாதுகாப்பு. மேடைக்குப் போகும் முன் ஒத்திகை பார்த்த மாதிரி, அந்தப் பிள்ளை தன் நான்கு வரியை அங்கே ஒருமுறை சொல்லித் தைரியம் பெற்றிருக்கும். அறவே வாசிக்க வராத பிள்ளைக்குத் துண்டைப் படமாகவும் வரைபடமாகவும் கொடுக்கலாம். ஆனால் துண்டு கொடுக்காமல் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, ஒரே பிள்ளை பேசிக்கொண்டே இருப்பது. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு முறை பேசினால் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தால், எல்லாருடைய கொட்டையும் தீரும்வரை கேட்க மட்டும்தான் முடியும். பேசாத பிள்ளையின் முன்னால் மூன்று கொட்டையும் அப்படியே கிடக்கும். ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று மற்றவர்களே கேட்பார்கள், ஏனென்றால் அவர் பேசினால்தான் அடுத்த சுற்று வரும்.

அன்று ஒருவர் வராவிட்டால் அவர் துண்டு குழுவில் காணாமல்போகும். பக்கத்துத் தாய்க்குழுவில் அதே துண்டை வைத்திருப்பவரை ஐந்து நிமிடம் கடன் வாங்கலாம். 32 பேர் இருந்தால் மிச்சம் வரும் இருவரைத் தனியாக விடாமல், இரண்டு குழுக்களில் மெதுவாக வாசிப்பவரோடு இணையாகப் போடுங்கள். சத்தம் வரும், அது வரத்தான் வேண்டும். வராந்தாவில் போகும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை, பதில் சொல்லாமல் இருப்பது. குழுவில் ஐந்து பேருக்கும் தெரியாத கேள்விக்கு மட்டும்தான் ஆசிரியரைக் கூப்பிடலாம் என்று விதி வைத்துவிட்டால் பாதி கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

வேலையைப் பிரிப்பதிலும் கவனம் தேவை. பெண் பிள்ளை பெருக்குவது, ஆண் பிள்ளை மேசை தூக்குவது, நன்றாக எழுதுபவர் எப்போதும் எழுதுவது, உயரமானவர் எப்போதும் தலைவர் என்று விட்டுவிட்டால் வீட்டிலும் ஊரிலும் இருக்கும் ஏற்றத்தாழ்வு பள்ளியில் இன்னொரு முறை உறுதியாகும். நேரம் பார்ப்பவர், எழுதுபவர், சந்தேகம் கேட்பவர், பொருள் எடுத்து வைப்பவர், எடுத்துச் சொல்பவர் என்று ஐந்து பொறுப்புகளும் வாரம் ஒருமுறை பட்டியல்படி சுழல வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே முறை வைத்து வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து வகுப்புத் தோழர்களுக்கு மதிய உணவு பரிமாறுகிறார்கள், வகுப்பறையையும் கூட்டுகிறார்கள் என்பதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். பரிமாறுவதை இங்கேயும் தாராளமாகச் செய்யலாம், யார் கையால் யார் வாங்கிச் சாப்பிடுவது என்பது நம் ஊரில் சின்ன விஷயமல்ல. ஆனால் கழிவறைச் சுத்தத்தைக் ‘கூட்டு வேலை’ என்று பிள்ளைகள் தலையில் கட்டுவதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாது. அந்த வேலை எந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அணிக்கு அணி போட்டி வைத்தால் அணிக்குள் ஒற்றுமை வளரும் என்று பலர் நம்புகிறார்கள். வளரும்தான், அணிக்குள் மட்டும். 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் குழுவினர் 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்துக் கோடை முகாம் நடத்தினார்கள். அந்த ஆய்வின் முறையைப் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன என்றாலும் அதில் நடந்தவை கவனிக்க வேண்டியவை. கயிறு இழுக்கும் போட்டியும் பேஸ்பால் ஆட்டமும் வைத்த சில நாட்களிலேயே ஒரு அணியின் கொடியை மற்ற அணி எரித்தது. சமாதானத்துக்காக ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தால் உணவை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். குடிநீர் வருவது நின்றபோது எல்லாரும் சேர்ந்து குழாய் வழியே போய் அடைப்பைத் தேடினார்கள். சாப்பாடு வாங்கி வர வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றபோது, போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி இரு அணியும் சேர்ந்து இழுத்தன. ஒரு தடவையில் பகை தீர்ந்துவிடவில்லை. இப்படிப் பல வேலைகள் தொடர்ந்து வந்த பிறகுதான் தணிந்தது. விளையாட்டு விழாவில் சிவப்பு அணி, நீல அணி என்று போட்டி வைப்பது நிற்க வேண்டியதில்லை. அதோடு கூட, முழு வகுப்பும் ஒரே பக்கம் நிற்கும் ஆட்டம் ஒன்றாவது வேண்டும். பத்து நிமிடத்தில் வகுப்பிலுள்ள எல்லாரும் தாண்டிய கயிறாட்ட எண்ணிக்கையைக் கூட்டி, போன வாரக் கூட்டுத்தொகையை முறியடிக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிது. மூன்று முறை மட்டும் தாண்டத் தெரிந்த பிள்ளையின் மூன்றும் அந்தத் தொகையில் சேரும்.

நான்காம் வகுப்பிலிருந்து ஆடக்கூடிய இன்னொரு விளையாட்டு உண்டு. கடைமடைப் பிரச்சினையைப் பேசியே புரிய வைக்க முடியாத பிள்ளைகளுக்கு இது புரிய வைத்துவிடும். ஐந்து பேர், நடுவில் ஒரு கிண்ணம், அதில் 40 புளியங்கொட்டை. கிண்ணம்தான் ஏரி, கொட்டைதான் தண்ணீர். ஒரு சுற்றில் தனக்கு எத்தனை வேண்டும் என்று ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாரும் ஒன்றாகத் திறந்து, எழுதியபடி எடுத்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சியது எத்தனையோ அத்தனையை ஆசிரியர் மறுபடி சேர்ப்பார், ஆனால் 40-க்கு மேல் போகாது. கேட்டது இருப்பதைவிட அதிகமானால் இருப்பதைச் சமமாகப் பிரித்து, அந்த ஏரி வற்றிவிட்டது என்று ஆட்டம் முடியும். ஒரு குழுவுக்கு 150 கொட்டை போதும். ஆறு சுற்று ஆடலாம், ஆனால் ஆறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது. கடைசிச் சுற்று தெரிந்தால் அதில் எல்லாரும் வாரிக்கொள்வார்கள். ‘அதிகம் சேர்த்தவரே வெற்றி’ என்ற ஒரு வாக்கியத்தை ஆசிரியர் வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் விளையாட்டு கெட்டுவிடும்.

முதல் ஆட்டம் பேசாமல் ஆட வேண்டும். ஆளுக்கு ஆறு எடுத்தால் 30 போய் 10 மிஞ்சும், அது 20 ஆகும். அடுத்த சுற்றில் ஆளுக்கு நான்கு எடுத்தால் ஏரி வற்றிவிடும். ஒவ்வொருவருக்கும் மொத்தம் 10. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் மூன்று நிமிடம் பேச விடுங்கள். ஆளுக்கு நான்கு என்று எந்தக் குழு கண்டுபிடிக்கிறதோ அந்தக் குழுவுக்கு 20 எடுக்க 20 மிஞ்சி மறுபடி 40 ஆகும். ஆறு சுற்றில் ஆளுக்கு 24. இந்தக் கணக்கை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது.

மூன்றாவது ஆட்டத்தில் நான்கு என்று ஒப்புக்கொண்டு ஒருவர் மட்டும் முதல் சுற்றில் எட்டு எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 24 போய் 16 மிஞ்சும், 32 ஆகும். அதன் பிறகு எல்லாரும் ஒழுங்காக நான்கே எடுத்தாலும் 32-ல் 20 போய் 12, அது 24. அதில் 20 போய் 4, அது 8. நான்காவது சுற்றில் ஏரி வற்றிவிடும். ஒருவர் ஒரே ஒரு தடவை கூடுதலாக எடுத்த நான்கு கொட்டை இதைச் செய்துவிடுகிறது. அதே 32-லிருந்து எல்லாரும் மூன்று சுற்றுக்கு மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டால் ஏரி மறுபடி 40-க்கு வந்துவிடும். இதைக் கரும்பலகையில் எண்ணாகப் போட்டுக் காட்டும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

பிறகு பிள்ளைகளே விதி எழுதட்டும். முதலில் அவர்கள் எழுதும் விதி கடுமையாக இருக்கும், ‘கூட எடுத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே’ என்பார்கள். அப்படி ஒருவரை வெளியேற்றிவிட்டு ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே போனவர் அடுத்த ஆட்டத்தில் பழிவாங்குவார். பொதுவளங்களை ஊர்மக்களே பேணுவதை ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நெடுங்காலம் நிலைத்த ஊர்களில் தண்டனை முதலில் சிறிதாகவும் தவறு தொடர்ந்தால் படிப்படியாகப் பெரிதாகவும் இருந்ததைக் கண்டார். அடுத்த சுற்றில் இரண்டு குறைவாக எடுப்பது என்பது போன்ற விதிக்குப் பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்வார்கள். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி ஒருவரை ஊரே நியமித்து மதகைத் திறந்து மூட விட்டதும், ஊரே கூடி ஏரியையும் வாய்க்காலையும் சீர்செய்யும் குடிமராமத்தில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போனதும் ஏன் என்று அந்த வகுப்பிலேயே பேசிவிடலாம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து பேர் குழு ஆகாது. இருவர் போதும். இருவருக்கும் ஒரே தாள், ஒரே பென்சில், ஒருவர் சொல்ல மற்றவர் வரைய வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பென்சில் கைமாற வேண்டும். அவ்வளவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘யார் முதல்ல சாப்பிட்டு முடிக்கிறீங்க பார்ப்போம்’, ‘அண்ணன் எப்படி எழுதியிருக்கான் பாரு’ என்று நாள் முழுக்கப் போட்டி வைக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளியில் இரண்டு பீரியட் போதாது. இருவர் இல்லாமல் முடியாத வேலை வீட்டில் நிறைய உண்டு. போர்வை மடிப்பது, ஒருவர் பட்டியலை வாசிக்க மற்றவர் மளிகைப் பையைச் சரிபார்ப்பது, சின்னவர் துவைத்த துணியை எடுத்துத் தரப் பெரியவர் கொடியில் போடுவது. பாராட்டும்போது ‘நல்ல பிள்ளைங்க’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘நீ முனையைப் பிடிச்சதாலதான் அவளால நேரா மடிக்க முடிஞ்சுது’ என்று செய்ததைச் சொன்னால் பிள்ளைக்கு எது நல்லது என்று தெரியும். புராஜெக்ட் சார்ட்டுக்குப் பார்டர் போடுவதைப் பெற்றோர் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

கல்வித் துறைக்கு இரண்டு வேண்டுகோள். வளரறி (அ) பகுதியில் குழுச் செயல்பாட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை முழுக் குழுவுக்கும் ஒன்றாகப் போடாமல், ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுதியதற்கோ சொன்னதற்கோ கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் தெளிவுபடுத்த வேண்டும். சார்ட் வகுப்பறையிலேயே, பள்ளி நேரத்திலேயே தயாராக வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டாவது, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் குழுக் கற்றலைப் பற்றி ஸ்லைடு காட்டுவதற்குப் பதில், ஆசிரியர்களையே ஐந்து ஐந்தாக உட்கார வைத்து, ஒரு பாடத்தைத் துண்டு போட்டுக் கொடுத்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் போதும். சமூக அறிவியலுக்கும் அறிவியலுக்கும் பருவத்துக்கு நான்கு பாடங்களுக்காவது துண்டுத் தாள்களையும் பொதுக் கேள்வியையும் துறையே அச்சிட்டுக் கொடுத்தால், ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளிலும் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.